குணமளிக்கும் வார்த்தை நின்ற செவ்வாய்க்கிழமை

மிளகாய் அண்ணனை அவருடைய சொந்தப் பெயரால் யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மறைமாவட்டம் நடத்திய எங்கள் வானொலி நிலையத்தில் இயக்குநர் ஃபாதர் முதல் தரை துடைக்கும் அம்மா வரை எல்லோருக்கும் அவர் மிளகாய்தான். டிரான்ஸ்மிட்டர் அறை அவர் பொறுப்பு. எந்நேரமும் விசிறி இரைச்சலும் சூடான தூசி வாடையும் நிறைந்த அந்த அறைக்குள் யாராவது ஈரக் குடையோடு நுழைந்துவிட்டால், அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு நாலு நாள் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டார்கள்.

கோயிலில் அவருக்குக் கடைசி பெஞ்சு. பிரசங்கம் நீண்டால் எழுந்து வெளியே போய்விடுவார். ஆனால் காலை ஆறு மணிச் செபமாலை ஒலிபரப்பு இருபத்தாறு வருடத்தில் ஒரு நாள்கூட நின்றதில்லை. இடி விழுந்து ஒலிபரப்புக் கோபுரத்துக் கேபிள் கருகிய அன்றும், தானே ஏறி மாற்றிவிட்டு ஆறு மணிக்குள் இறங்கினார். "படுக்கையில கெடக்கிறவங்களுக்குக் கோயிலே இதுதாம்மா. கோயில் கதவ எப்படிச் சாத்துறது?" என்றார் என்னிடம்.

நான் அங்கே அறிவிப்பாளர். செவ்வாய்தோறும் காலை பத்து மணிக்கு 'குணமளிக்கும் வார்த்தை' என்று ஒரு நிகழ்ச்சி. வெளியூரிலிருந்து தியானப் பிரசங்கியார் ஒருவர் ஒலிப்பதிவை அனுப்பிவைப்பார். நான் இரண்டு வரி அறிமுகம் சொல்லி ஓடவிட்டு, ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். ஃபாதரும் கேட்காமலே நிகழ்ச்சிப் பட்டியலில் கையெழுத்துப் போட்டுவிடுவார். மூட்டை மூட்டையாகக் கடிதம் வந்ததில் அவருக்கு வாயெல்லாம் பல்.

மிளகாய் அண்ணனுக்கு ஒரே அக்கா. அம்மா போன பிறகு அவரை வளர்த்தவர். கல்யாணம் செய்துகொள்ளாமல் தையல் வேலை பார்த்து, தனியாக இரண்டு அறை வீட்டில் இருந்தார். பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. காலையும் மாலையும் ஊசி போட்டுக்கொள்வார். அந்த வருடம் தொடர் மழை. கோபுர வேலையில் மாட்டிக்கொண்ட அண்ணன் ஐந்து வாரம் அக்கா வீட்டுக்குப் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போனவர், கதவைத் திறந்ததுமே மூக்கைப் பொத்திக்கொண்டார். தையல் மிஷினுக்குப் பக்கத்தில் அக்கா கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். பாதத்தில் சுற்றியிருந்த துணி நனைந்து கறுத்துப்போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "ஊசி போட்டு எத்தனை நாளாச்சு?"

"ஒரு மாசம்" என்றார் அக்கா.

"ஏன்க்கா நிறுத்தின?" அண்ணன் கத்திவிட்டார்.

"உன் ரேடியோலதான்டா சொன்னாங்க. ரேடியோ மேல கை வைங்க, விசுவாசம் இருக்கிற வீட்டுல மருந்துக்கு என்ன வேலைன்னு கேட்டாரு. நானும் வெச்சேன்."

முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் அண்ணன் பழைய ஒலிப்பதிவுகளை எடுத்து உட்கார்ந்து கேட்டார். நான்கில் அதே பேச்சு இருந்தது. அந்த நான்குக்கும் முன்னால், கனிவாக அறிமுகம் செய்யும் என் குரல். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஃபாதரிடம் போனார். நானும் கூடப் போனேன்.

"அவர் விசுவாசத்தப் பத்திப் பேசியிருக்காரு. கேட்டவங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டா நாம என்ன பண்ண முடியும்?" என்றார் ஃபாதர். "இந்த வாரம் எப்பவும்போலப் போகட்டும். அடுத்த மாசக் கூட்டத்துல பேசுவோம்."

"எங்கக்கா காலு, கூட்டம் முடியட்டும்னு காத்திருக்கல ஃபாதர்" என்று சொல்லிவிட்டு அண்ணன் வெளியே வந்தார்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வழக்கம்போல அறிமுகம் சொன்னேன். மருந்தை நிறுத்த வேண்டாம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. வேலை போய்விடும் என்ற பயத்தில் விழுங்கிவிட்டேன். பிரசங்கியார் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள், வெளியே போவதைக் கேட்க என் மேசையில் வைத்திருந்த சின்ன ரேடியோவில் வெறும் இரைச்சல். அண்ணன் டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிட்டார்.

ஃபாதர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "என்னய்யா ஆச்சு? பழுதா?"

"பழுதெல்லாம் ஒண்ணும் இல்ல. நான்தான் நிறுத்தினேன்."

"கடவுளோட வார்த்தைய நிறுத்த நீ யாரு?"

"கடவுள் எங்கக்காகிட்ட ஊசிய நிறுத்துன்னு சொன்னாரா? சொன்னது இந்த ஆளு. அத வீட்டுக்குள்ள கொண்டு போய்ச் சேர்த்தது என் கை, இந்தம்மா வாய், உங்க கையெழுத்து. அவரு எங்கயோ ஊருல இருக்காரு. காலு போனது இங்க!"

வரவேற்பறைத் தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது. ஏன் நின்றுவிட்டது என்று நேயர்கள். அண்ணன் போய் எடுத்தார். "நிகழ்ச்சி இருக்கட்டும்மா. நீங்க மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா? நிறுத்திட்டீங்களா? யார் சொல்லி?" ஒவ்வொருவரிடமும் அதே கேள்வி. மூன்றாவதாகப் பேசிய பெண் ரத்தக்கொதிப்பு மாத்திரையைத் தூக்கி எறிந்திருந்தாள். ஏழாவது அழைப்பில் அண்ணன் ரிசீவரை அப்படியே ஃபாதர் பக்கம் நீட்டினார். "நீங்களே கேளுங்க."

பேசியவர் ஒரு முதியவர். வீட்டுக்காரம்மா மூன்று வாரமாக இதய மாத்திரையைத் தொடுவதில்லை, நடந்தால் மூச்சு வாங்குகிறது, இன்னும் எத்தனை வாரம் செபித்தால் சரியாகும், ஃபாதரிடம் கேட்டுச் சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறார். ஃபாதர் முகம் வெளிறிப்போனது. "ஐயா, உடனே அவங்கள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். ரிசீவரை வைத்துவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினார்.

"போடுய்யா. நான் பேசறேன்."

பத்து இருபத்திரண்டுக்கு ஒலிபரப்பு திரும்பியது. ஃபாதர் என் நாற்காலியில் உட்கார்ந்து, மருந்தை நிறுத்தச் சொன்னது தவறு, அதை ஒலிபரப்பியது தன் தவறு, இன்றே மருந்தைத் தொடங்குங்கள், டாக்டரைப் பாருங்கள் என்று மூன்று முறை சொன்னார். அந்த வாரம் முழுக்கத் தினமும் சொன்னார்.

அதனால் எல்லாம் இனிப்பாக முடிந்துவிடவில்லை. அனுமதி இல்லாமல் நிலையத்தை நிறுத்தியதற்காக மறைமாவட்ட ஆயர் இல்லத்திலிருந்து அண்ணனுக்கு ஒரு மாதத் தற்காலிகப் பணிநீக்கம். அவர் மேல் அதிகம் பாய்ந்தது அக்காதான். "செபத்த நிறுத்தினியாமே? உனக்கு எவ்வளவு திமிரு!" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே திட்டிவிட்டு, மூன்று நாள் அவரோடு பேசவில்லை. ஒற்றைக் காலோடு இருக்கும் அக்காவிடம் கோபத்தைக் காட்டவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அண்ணன் வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தார்.

அண்ணன் வேலைக்குத் திரும்பியபோது, எந்தப் பேச்சையும் முன்கூட்டியே கேட்காமல் ஒலிபரப்பக் கூடாது என்று புது விதி வந்திருந்தது. கேட்கும் வேலையை ஃபாதர் எனக்கும் அண்ணனுக்கும் கொடுத்தார். சண்டை போட்டுக்கொண்டே கேட்போம்.

பிறகு பிரசங்கியாரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தன் வார்த்தைகளை யாரேனும் தவறாகப் புரிந்து மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறாராம். அண்ணன் அதை இரண்டு முறை படித்தார். நிலையத்தின் தாளிலேயே பதில் எழுதினார்: 'யாரும் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. நீ சொன்னதைத்தான் செய்தார்கள்.'

ஃபாதர் அதை வாங்கிப் படித்தார். கிழித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். 'நீ' என்பதை அடித்து 'நீங்கள்' என்று திருத்தினார். கீழே தன் கையெழுத்தையும் போட்டு, உறையில் வைத்து ஒட்டினார்.