பாதி பாதியாகச் சொன்னவள்

அலுவலகத்தில் அவளைத் தூது என்றுதான் கூப்பிட்டார்கள். நியமன உத்தரவில் "இணைப்புக் கணக்கீட்டாளர்" என்று கம்பீரமாகப் போட்டிருந்தது. வீட்டில் அக்காவுக்கு அது விளங்கவில்லை.

"தண்ணி எப்படி ஓடும்னு ஒரு புரோகிராம் கணக்குப் போடும். ரப்பர் எப்படி வளையும்னு இன்னொண்ணு போடும். தண்ணி தள்ளினா ரப்பர் வளையும். ரப்பர் வளைஞ்சா தண்ணி வேற பக்கம் போகும். இது சொன்னதை அதுகிட்டயும், அது சொன்னதை இதுகிட்டயும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என் வேலை."

"கோள் சொல்ற வேலைன்னு சொல்லேன். அதுக்கு எதுக்குடி ரெண்டு பட்டம்?"

அக்கா தெரியாமல் சொன்னாலும் சரியாகத்தான் சொன்னாள். தண்ணீர்ப் பிரிவின் தலைவர் கட்டியிருந்தது ரப்பர்ப் பிரிவின் தலைவருடைய தங்கையை. மச்சான்கள் இருவரும் சேர்ந்து வீடும் கட்டினார்கள். மேல்வீட்டுக் குளியலறை ஈரம் கீழ்வீட்டுக் கூரையில் இறங்கிய நாளோடு பேச்சு நின்றது. மேலே இருந்த தண்ணீர்க்காரர், கூரை சரியில்லை என்றார். கீழே இருந்த ரப்பர்க்காரர், மனிதருக்குக் குளிக்கவே தெரியவில்லை என்றார். ஆறு வருடமாயிற்று. அலுவலகத்தில் இருவர் அறைக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு. அதை ஒட்டி அவள் மேசை.

அந்த மாதம் வந்த வேலை, மழைநீர்க் குழாயின் வாயில் மாட்டும் ரப்பர் வால்வு. பார்க்க வாத்தின் அலகு மாதிரி இருக்கும். உள்ளிருந்து நீர் வந்தால் திறக்கும், வெளியிலிருந்து வந்தால் மூடிக்கொள்ளும். மாதக் கடைசிக்குள் கணக்கு முடிந்தால் அவளுக்கு வேலை நிரந்தரம், முடியாவிட்டால் வீட்டிலிருக்கலாம் என்று மேலாளர் மிகுந்த மரியாதையோடு சொல்லியிருந்தார்.

கணக்கு ஒவ்வொரு முறையும் வெடித்தது. தண்ணீர் லேசாகத் தள்ளும். மெல்லிய ரப்பர் பதறியடித்துக்கொண்டு விலகும். அது விலகியதைப் பார்த்துத் தண்ணீர் இன்னும் வேகமாகப் பாயும். கணக்கு காலத்தை அடியடியாகத்தான் கடக்கும்; பத்தாவது அடியில் அலகு திரையை விட்டே போய்விடும். காலத்தைச் சின்னச் சின்ன அடியாக எடுத்து வை என்றார்கள். வைத்தாள். இன்னும் சீக்கிரமாக வெடித்தது.

"அந்த மனுஷன்கிட்ட சொல்லும்மா, ரப்பரோட தடிமன் தப்புன்னு. கணக்கு வரலைன்னா கடை போட்டு ரப்பர் பேண்டு விக்கச் சொல்லு" என்றார் தண்ணீர்க்காரர்.

அவள் ஒரு சொல் குறையாமல் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"என் ரப்பருக்கு ஒண்ணும் கேடு இல்லைன்னு மச்சான்கிட்ட சொல்லு. வீட்லயே தண்ணியைக் கட்டி வைக்கத் தெரியாதவருக்கு இங்க என்ன தெரியும்னும் சொல்லு."

அதையும் கொண்டுபோனாள். மதியத்துக்குள் இரண்டு கதவுகளும் அறைந்து சாத்தப்பட்டன.

அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது. திரையில் வெடித்ததும் இங்கே வெடித்ததும் ஒரே மாதிரி. மறுநாள் திரையில், தண்ணீர் புரோகிராம் சொன்னதில் பாதியை மட்டும் ரப்பர் புரோகிராமிடம் கொடுத்தாள். அதன் பதிலில் பாதியைத் திரும்ப எடுத்துப் போனாள். இரண்டு கணக்கும் ஒத்துப்போகும்வரை ஒரே அடியிலேயே நடையாய் நடந்து, பிறகுதான் அடுத்த அடி வைத்தாள். வெடிப்பு நின்றது. ஆனால் அலகு கொடியில் காயும் துணி போலப் படபடத்தது. தடிமன் உண்மையிலேயே தப்பு.

தண்ணீர்க்காரர் ரப்பர் பேண்டு உட்பட அதே வசவை மறுபடியும் கொடுத்தனுப்பினார். அவள் ரப்பர்க்காரரிடம் போனாள். "தடிமன் எவ்வளவுன்னு சார் கேக்கிறார்" என்றாள், அவ்வளவுதான். அவர் சொன்னார். அடுத்த நடையில், "கொஞ்சம் மெலிசோன்னு யோசிக்கிறார்" என்றாள். அவர் முனகினார். மூன்றாவது நடையில், "தப்போன்னு சந்தேகப்படறார்" என்றாள். அவர் கோப்பைத் திறந்து பார்த்தார். தடிமன் எண்ணில் தசமப் புள்ளி ஓர் இடம் தள்ளி விழுந்திருந்தது. சத்தமில்லாமல் திருத்தினார். இரண்டு நாள் முன்னதாகவே கணக்கு முடிந்தது.

கெடுத்தது மேலாளரின் பாராட்டு. "தடிமன் விஷயத்தை எவ்வளவு நாசூக்கா சொன்னீங்க சார்!" என்று கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

"நாசூக்கா? நானா?" தண்ணீர்க்காரருக்கு முகம் சிவந்தது. தான் வைதது போய்ச் சேரவில்லை என்பதை அவரால் தாங்க முடியவில்லை. ரப்பர்க்காரருக்கோ தன் பதிலடிகளின் கதியைப் பற்றிக் கவலை வந்தது. சாயங்காலத்துக்குள் புகார் தயார்: சொன்னதை முழுமையாகச் சேர்ப்பதில்லை. கீழே இரண்டு கையெழுத்து.

மேலாளர் மூவரையும் கூப்பிட்டார்.

"முழுசாத்தான் சொன்னேன் சார். ஒரே நடையில சொல்லலை" என்றாள் அவள்.

"அப்ப அந்த ரப்பர் பேண்டு விஷயம்?" என்றார் தண்ணீர்க்காரர்.

"முதல் நாளே சொல்லிட்டேன் சார். இந்தத் தடவை அது நாலாவது நடைக்கு இருந்தது. அதுக்குள்ள கணக்கு முடிஞ்சிருச்சு."

மேலாளர் மச்சான்கள் பக்கம் திரும்பினார். "சரி, இவங்களை அனுப்பிடலாம். நாளையிலிருந்து நீங்க ரெண்டு பேரும் நேரா பேசிக்கோங்க."

தண்ணீர்க்காரர் ஜன்னலைப் பார்த்தார். ரப்பர்க்காரர் செருமினார்.

"நேரா பேச மச்சானுக்கு இஷ்டமான்னு கேளும்மா."

"எனக்கென்ன வந்தது? ஆனா முதல் வணக்கம் அவர்தான் சொல்லணும்னு சொல்லும்மா."

மூவரும் ஒரே மேசையைச் சுற்றித்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவள் யாரிடம் எதைச் சொல்வது என்று யோசிப்பதற்குள், மேலாளர் நிரந்தர உத்தரவை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். புகாரைக் கிழிக்க அவருக்கு மனம் வரவில்லை. ஆறு வருடத்தில் அந்த இருவரும் சேர்ந்து கையெழுத்திட்ட ஒரே காகிதம் அது. அதையும் அவள் கோப்பிலேயே பத்திரமாகச் சேர்த்துவைத்தார்.