நிவெஸும் லொரிஸ் இழுத்த வயரும்

இன்று காலை யாரைச் சந்தித்தேன் தெரியுமா? நிவெஸ் குவால்தியை! இத்தாலியில், ரெஜ்ஜோ ரயில் நிலையத்துக் காபி பாரில், காபியை வாங்கிவிட்டுக் குடிக்காமல் நின்றுகொண்டிருந்தார். பிரபலமெல்லாம் இல்லை. சீஸ் துண்டுகளை எடைபோட்டுச் சீட்டு ஒட்டும் இயந்திரங்களுக்கு நிரல் எழுதுகிறவர். ரயில் தாமதம் என்பதால் முழுக் கதையும் கிடைத்தது.

நிவெஸ் வேலை செய்யும் பட்டறையில் கட்டிய புது இயந்திரம் திடீர் திடீரென நின்றது. தராசு எடையை அனுப்புகிறது, கணினிக்குப் போய்ச் சேரவில்லை. நிவெஸ் தராசைத் தனியாக ஓட்டிப் பார்த்தார், சரி. சீட்டு அச்சடிக்கும் பிரிண்டரைத் தனியாக ஓட்டினார், அதுவும் சரி. அப்படியானால் வயர்தான்! வயர் இழுத்தவர், பட்டறை பட்டறையாகப் போய் வேலை செய்யும் எலக்ட்ரீஷியன் லொரிஸ்.

"லொரிஸ், உன் வயர்தான் சொதப்புது," என்றார் நிவெஸ், பட்டறையில் எல்லோர் காதிலும் விழும்படி.

"அடேங்கப்பா, இஞ்சினியரம்மா எழுதினா தப்பே வராதோ? நான் வயர் இழுக்க ஆரம்பிச்சப்ப நீ பள்ளிக்கூடமே போகலம்மா."

ஆனாலும் லொரிஸ் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு வேறு வழியாக வயர் இழுத்தார். பிரிண்டரை மட்டும் இன்னும் மாட்டவில்லை. அன்று சாயங்காலம்வரை இயந்திரம் ஒருமுறைகூட நிற்கவில்லை.

"பாத்தியா? நான் சொல்லல?" என்று நிவெஸ் கை தட்டினார். முதலாளி அன்றே லொரிஸை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார். அதன்பிறகு எது நின்றாலும் பையன்கள், "லொரிஸ் வயரா?" என்று சிரித்தார்கள்.

பிரிண்டரை மாட்டியதும் இயந்திரம் மறுபடி நின்றது. அப்போதுதான் நிவெஸ் தன் நிரலைத் திறந்து பார்த்தார். தராசுக்கும் பிரிண்டருக்கும் சேர்த்துக் கணினியைக் கூப்பிட ஒரே கம்பி. இரண்டு வாசலுக்கு ஒரே மணி மாதிரி. அந்த மணி அழுத்தும் நொடியில் மட்டும்தான் ஒலிக்கும். முதல் ஆள் விரலை எடுப்பதற்குள் இரண்டாவது ஆள் விரல் வைத்துவிட்டால், மறுபடி ஒலிக்காது. நிவெஸ் எழுதிய நிரலோ ஒரு வாசலைத் திறந்து ஆளை அனுப்பிவிட்டு, அடுத்த வாசலைப் பார்க்காமலே வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டாவது ஆள் விரலை எடுக்காமல் வெளியே காத்திருக்க, முதல் ஆள் திரும்பி வந்து அழுத்தினாலும் மணி ஊமைதான். இரண்டு வாசலிலும் யாரும் இல்லை என்று உறுதியாகும்வரை மாறி மாறிப் பார்த்திருக்க வேண்டும். கண்டுபிடித்தபின் திருத்தம் சில வரிகள்தான்.

"மறுபடி வயர் பிரச்சினையா?" என்றார் முதலாளி.

"இப்ப சரியாயிடுச்சு," என்றார் நிவெஸ். அவ்வளவுதான் சொன்னார்! இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

இயந்திரம் தேறினால், அதை வாங்கும் சீஸ்காரர் கட்டியவர்களுக்கு விருந்து வைப்பது வழக்கம். இந்த முறையும் வைத்தார். பூசணி அடைத்த தொர்தெல்லி பாஸ்தா, லம்ப்ரூஸ்கோ ஒயின். லொரிஸுக்கு அழைப்பில்லை. "நிவெஸுக்கு!" என்று எல்லோரும் கோப்பையைத் தூக்கினார்கள். நிவெஸ் தன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"வயர்ல தப்பே இல்ல," என்று பக்கத்திலிருந்த முதலாளியிடம் சொன்னார். "தப்பு என்னோடது."

"சரி விடு. சாப்பிடற நேரத்துல எதுக்கு அதெல்லாம்?"

நிவெஸ் விட்டுவிட்டார். மறுநாள் லொரிஸ் வீட்டுக்குப் போய் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

லொரிஸ் உள்ளே கூப்பிடவில்லை. "வயர் நல்லாருக்குன்னு எனக்கு முதல்லயே தெரியும். தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லு. இங்க வந்து என்கிட்ட அழுது என்ன பிரயோஜனம்?"

நிவெஸ் அங்கிருந்து நேராகப் பட்டறைக்குப் போய், காபி இயந்திரத்தைச் சுற்றி நின்ற அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டார். ஆனால் லொரிஸ் வயர் பற்றிய பேச்சு அதற்குள் பக்கத்து ஊரான மோதெனாவரை போய்விட்டிருந்தது. அங்கே ஒரு பட்டறையில் லொரிஸை வேலைக்கு எடுக்கத் தயங்குகிறார்களாம்.

"இதை எல்லாரும் படிக்கற மாதிரி எழுது, என் பேரையும் போடு," என்று சொல்லிவிட்டு ரயிலேறினார் நிவெஸ்.

போட்டுவிட்டேன். மோதெனா பக்கம் இயந்திரம் கட்டுகிற யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? தயவுசெய்து இதை அவர்களுக்கு அனுப்புங்கள். லொரிஸின் வயரில் தப்பே இல்லை.