திருச்செங்கோட்டில் ஒரு எட்டடிக் கடல்

கடலே இல்லாத ஊருல கடல் தண்ணியக் கட்டி மேய்க்கறதுதான் என் தொழில். கண்ணாடித் தொட்டியில உப்புத் தண்ணி நெப்பி, கடல் மீன் விட்டு, வாரம் ஒருக்காப் போயி சோதிச்சுக் கழுவிட்டு வாரேன். கடல் உயிரியல் படிச்சவ நான். ரெண்டு வருசம் முதுகுல சிலிண்டர் கட்டிக்கிட்டு முங்கி, பவளப்பாறையக் கணக்கெடுத்தேன். அந்தத் திட்டம் முடிஞ்சதும் சொந்த ஊரு வெண்ணந்தூருக்கே திரும்பி வந்துட்டேன். தனக்குத் தெரிஞ்ச வேலைய, அது தெரியாதவங்க ஊட்டுக்குப் போயி, அவங்க சொல்ற யோசனையெல்லாம் கேட்டுக்கிட்டே செய்யற மெக்கானிக்கு, எலெக்ட்ரீசியன், வாத்தியார் எல்லாருக்கும் இதச் சொல்றேன். உங்களுக்குத்தான் என் வயித்தெரிச்சல் புரியும்.

எல்லாக் கூத்தும் ஒரே தொட்டியில நடந்தது. போர் போடற ரிக் வண்டி நாலு வச்சிருக்கற பொன்னுசாமி அண்ணன், திருச்செங்கோட்டுல கட்டுன புது ஊட்டுக்கு எட்டடித் தொட்டி கேட்டாரு. அதுல எனக்குன்னு ஒரு ஆசை இருந்துச்சு. பண்ணையில பொரிச்ச கோமாளி மீன் ஒரு சோடி விட்டு, அதுக வைக்கற முட்டையில இருந்து குஞ்ச நானே வளத்துட்டா, இந்தச் சுத்துவட்டாரத்துல யாரும் கடல்ல இருந்து புடிச்சாந்த மீன வாங்க வேண்டியதில்ல. அவ்வளவுதான் ஆசை.

ஆயிரத்து நூறு அடி

சுத்திகரிச்ச தண்ணியும் தொட்டிக்கான உப்பு மூட்டையும் மினி ஆட்டோவுல ஏத்திக்கிட்டு நான் போய்ச் சேர்றதுக்குள்ள தொட்டி நெம்பிக் கெடந்துச்சு. அண்ணன் தோட்டத்து போர்ல ஆயிரத்து நூறு அடியில உப்புத் தண்ணி வந்திருக்குது. தென்னைக்குத்தான் ஆகல, கடல் மீனுக்காவது ஆகட்டும்னு டேங்கர்ல கொண்டாந்து ஊத்திட்டாரு.

கடலு உப்பு வேற, பாறையில ஊறுன உப்பு வேற, இதுல மீனு ஒரு நாளு தாங்காதுன்னு அரை மணி நேரம் தொண்டத் தண்ணி வத்தச் சொன்னேன். கடைசியில நானே மோட்டார் வச்சு வெளியேத்துனேன். கறந்த பாலக் கீழ கொட்டற மாதிரிப் பாத்துக்கிட்டு நின்னாரு. "பூமிக்கு அடியில போனா எல்லாம் ஒரே தண்ணிதானுங்க அம்மணி. நீங்க படிச்சவங்க, நான் தொளை போட்டுப் பாத்தவன்."

வெறுந்தண்ணிக்கு விருந்தாளி

தண்ணி ஊத்துன உடனே மீன் விட முடியாது. மீனோட கழிவத் தின்னு தண்ணியச் சுத்தம் பண்ற பாக்டீரியா முதல்ல கல்லுலயும் மணல்லயும் குடியேறணும். அதுக்கு ஒன்றரை மாசம் ஆகும். அதுக்குள்ள புது ஊட்டுப் புண்ணியார்ச்சனை வந்துருச்சு. வந்த சொந்தபந்தமெல்லாம் மீனே இல்லாத தொட்டி முன்னால நின்னு செல்ஃபி எடுத்துட்டு, என் மூஞ்சியப் பாத்துச் சிரிச்சுட்டுப் பந்திக்குப் போனாங்க.

அண்ணனோட சம்சாரம் சரசக்காவுக்கு மானமே போயிருச்சு. போன்ல ஒரு வீடியோவக் காட்டி, இதே மாதிரி உசுரோட பவளப்பாறையும் கடல் குதிரையும் கொண்டாந்து போடுன்னாங்க. அது சட்டப்படி குத்தம்னு சொன்னேன், கேக்கல. கம்பி வச்சுப் பாறையப் பேத்தெடுத்த எடத்தத் தண்ணிக்கு அடியில என் கண்ணால பாத்திருக்கறேன். பல்லுப் போன வாயாட்டம் கெடக்கும், ஒரு மீனு அண்டாது. அதையும் சொன்னேன். அக்கா பொறுமையாக் கேட்டாங்க. "நாம கடல என்ன அம்மணி பண்ணோம்? அது பாட்டுக்கு அங்க கெடக்குது, நாம பாட்டுக்கு இங்க கெடக்கறோம்."

ஆடிப் பதினெட்டு

ஒரு வழியா மீன் சோடிய விட்டேன். கூடவே பண்ணையில வளத்த அழகு எறாலு அஞ்சு. செவப்பு ஒடம்புல வெள்ளக் கோடு. ஆடிப் பதினெட்டுக்கு குமாரபாளையம் போன சரசக்கா, செம்புச் சொம்புல காவேரித் தண்ணி மொண்டாந்தாங்க. தீர்த்தம் இதுலயும் கலக்கட்டும்னு சொம்போட தொட்டிக்குள்ள எறக்கி வச்சுட்டாங்க.

செம்பு கரைஞ்ச தண்ணியில மீனாவது கொஞ்சம் தாக்குப் புடிக்கும். எறாலுக்கு அது வெசம். அடுத்த வாரம் நான் போறப்ப சொம்பு பச்சை பூத்து உக்காந்திருந்துச்சு, அஞ்சு எறாலும் மல்லாந்து கெடந்துச்சு. நான் கண்ணத் தொடைக்கறதப் பாத்து அக்காவுக்கு நெசமாவே சங்கடமாப் போச்சு. உள்ள போயி எனக்கு ஒரு டம்ளர் மோர் கொண்டாந்து குடுத்தாங்க. "நான் ஏதோ பூச்சின்னு இருந்துட்டேன் அம்மணி. எறாலுன்னு சொல்லியிருந்தா, சாகறதுக்கு முந்தியே கொழம்பு வெச்சிருக்கலாமுல்ல."

ஃபிளஷிங்

தண்ணிய மாத்தி மாத்தி ஊத்தித் தொட்டியத் தேத்துனேன். ஐப்பசியில சோடி முட்டை வச்சுச்சு. கவுத்து வச்ச மண் சட்டி மேல ஆரஞ்சு நெறத்துல, கடுகாட்டம். ஆண் மீனு தீனி கூட மறந்துட்டு ரெக்கையால விசிறிக்கிட்டே கெடந்துச்சு. ஏழாம் நாளு முட்டைக்குள்ள வெள்ளிக் கண்ணு தெரிஞ்சுச்சு, அப்படின்னா மறுநாள் பொரியும். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. குஞ்சுக்குத் தொட்டியும், அதுக்குத் தீனியாப் போடற பொடி உசுரும் ஊட்டுல தயாரா வச்சிருந்தேன். நாளைக்குச் சட்டியோட எடுத்துக்கறேன், அதுவரைக்கும் யாரும் கை வைக்காதீங்கன்னு மூணு தடவை சொல்லிட்டு வந்தேன். யாரும் கை வைக்கல, அதைச் சொல்லணும்.

மறுநாள் போனா, தொட்டி பளிங்காட்டம் மின்னுது. மணல் பூரா ஒரு மூலையில குமிஞ்சு கெடக்குது. சட்டி கழுவி வச்ச தட்டாட்டம் சுத்தமா இருக்குது. போர் போட்டு முடிச்சதும் கம்ப்ரசர் காத்த உள்ள அடிச்சு சேத்த வெளியேத்துவாங்க, அதுக்கு ஃபிளஷிங்னு பேரு. அண்ணன்கிட்ட இருவது வருசமாத் தொளை போடற துரை, சட்டியில என்னமோ அழுக்குப் படிஞ்சிருக்குதுன்னு ஷெட்டுல இருந்து காத்துக் குழாய இழுத்தாந்து ஃபிளஷிங் பண்ணிட்டாரு. ஆண் மீனு அந்த வெறுஞ்சட்டிய இன்னமும் விசிறிக்கிட்டு இருந்துச்சு. துரை கையக் கட்டிக்கிட்டுப் பெருமையா நின்னாரு. "சேறெல்லாம் போயிருச்சுங்க. இனிப் பத்து வருசத்துக்கு ஊத்து நிக்காதுங்க."

பத்தடி தள்ளி

அன்னைக்குத்தான் மொத தடவையா ஒரு வாடிக்கையாளர் ஊட்டுல நின்னு கத்துனேன். இத்தன மாசத்துப் பாடும், ஒரு கடலுக்குச் செஞ்சிருக்க வேண்டிய சின்ன உபகாரமும் ஒரு குழாய்க் காத்துல போச்சேன்னு அழுதேன். பொன்னுசாமி அண்ணன் கோவிச்சுக்கல, உக்காரச் சொன்னாரு. அவரு தொழில்ல ஒரு தொளை பொய்ச்சா யாரும் அழறதில்ல, வண்டிய நவுத்திருவாங்க. இப்படி ஊரு பூரா நவுத்தி நவுத்தித் தொளை போட்டுத்தான் நல்ல தண்ணி வத்தி, ஆயிரத்து நூறு அடியில உப்பு வருது. அது அவருக்குத் தோணவே இல்ல. "ஒண்ணு பெயிலானா என்னங்க அம்மணி, பத்தடி தள்ளிப் போட்டுக்கலாம்."

மீன் சோடிய வாளியில போட்டுத் தூக்கிக்கிட்டு ஊட்டுக்குப் போக ராசிபுரம் பஸ் ஏறிட்டேன், அவரும் தடுக்கல. அதுக இன்னும் மறுபடி முட்டை வைக்கல.

கடலக் காப்பாத்தப் படிச்சவ இப்ப மாசம் ஒருக்கா அந்த ஊட்டுக்குப் போயி, அண்ணன் அதே தொட்டியில வாங்கி விட்ட பிளாஸ்டிக் மீனுக்கு பேட்டரி மாத்திட்டு வாரேன், அதுக வந்ததுல இருந்து, நான் பாக்கற தொட்டியிலேயே ஒண்ணும் சாகாத தொட்டி அது ஒண்ணுதான்.