வெண்ணெய்க்கு ஞாபகம் நன்றாகத்தான் இருந்தது

செருப்புக் கடையில் அவருக்கு வெண்ணெய் என்று பெயர். அப்படி வழுக்கும் நாக்கு. படகு போன்ற பாதத்தோடு வந்து நிற்பவரிடம்கூட, "உங்க கால் பெரிசில்ல சார், கம்பெனிக்காரன் மனசுதான் சின்னது" என்பார். அவர் முழங்கால் போட்டு உட்கார்ந்து ஷூவை மாட்டிவிட்டால், உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி வெட்கப்பட்டு மடங்கிக்கொள்ளும் என்று முதலாளி சத்தியம் பண்ணுவார். ஒற்றைக் கால்காரருக்கு ஒரு ஜோடி விற்றதாகவும், அவர் மறுவாரம் நன்றி சொல்ல வந்ததாகவும் இன்னொரு கதை உண்டு. ஆணிக் கதை பொய். ஒற்றைக் கால் கதையை நான் நம்புகிறேன்.

வீட்டிலும் அதே நாக்குத்தான். மனைவி உப்புப் போட மறந்தால், "இன்னைக்கு நாக்குக்கு லீவா?" என்று கேட்டுவிட்டுத் தட்டைத் துடைத்தாற்போலச் சாப்பிடுவார்.

அந்த வீட்டுக்கு இருந்த ஒரே பயம் மறதி. அவருடைய அம்மா கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளையையே, "யாருப்பா நீ, வாடகைக்கு வந்தவனா?" என்று கேட்டவர். அது ரத்தத்தோடு வரும் என்று யாரோ சொல்லிவிட, மனைவி தினமும் காலையில் காபியோடு பரீட்சையும் வைப்பாள். நேற்று ராத்திரி என்ன சாப்பாடு? பக்கத்து வீட்டுப் பேத்திக்கு என்ன பேர்? அவர் பேரைச் சொல்லிவிட்டு அந்தக் குழந்தையின் செருப்பு அளவையும் சேர்த்துச் சொல்வார். அவள் நிம்மதியாகத் தம்ளர் கழுவப் போவாள்.

ஐம்பதைத் தாண்டியதும் வெண்ணெய் கெட்டுக் காறத் தொடங்கியது. கடையில் ஓர் அம்மாளின் காலைத் தூக்கிப் பார்த்து, "இதுக்கெதுக்குச் செருப்பு? லாடம் அடிச்சுக்கோ" என்றார். மைத்துனர் செத்த வீட்டில் விழுந்து விழுந்து சிரித்தார். சர்க்கரை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கரண்டியால் தின்றார். முதலாளி கையெடுத்துக் கும்பிட்டு வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

மனைவி காய்ச்சலில் கிடந்தபோதுதான் அது நடந்தது. "ஏங்க, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றாள்.

"செத்துத் தொலையேன். உன்னை எனக்கு என்னைக்குமே பிடிச்சதில்ல." டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

காய்ச்சல் விட்டதும் முதல் வேலையாகப் பரீட்சை வைத்தாள். "நம்ம கல்யாணத்தன்னைக்கு நான் என்ன கலர் உடுத்தியிருந்தேன்?"

"ஊதா. வலது கால் செருப்பு கடிச்சு நொண்டிட்டிருந்த."

நூற்றுக்கு நூறு. அந்த நூறுதான் அவளை உடைத்தது. மகளிடம் போய்ச் சொன்னாள்: "ஞாபகமெல்லாம் கல்லு மாதிரி இருக்குடி. அப்போ தெரிஞ்சேதானே சொல்றார்? இத்தனை வருஷமா எனக்கும் செருப்புத்தான் வித்திருக்கார்."

அதோடு பேச்சை நிறுத்தினாள். வேளைக்குத் தட்டைத் தள்ளிவிடுவாள், அவ்வளவுதான். வருஷக்கணக்கில் அப்படியே ஓடியது.

பேருந்தில் முன்பின் தெரியாத ஒருவரை அவர் அறைந்த பிறகுதான், மகள் அவரை மூளை டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் முடிந்ததும் டாக்டரம்மா அம்மாவையும் மகளையும் உட்கார வைத்துச் சொன்னார்:

"மறதியில ஆரம்பிக்கிறது ஒரு வகைதாம்மா. அதுல அமிலாய்டு, டாவ்-னு ரெண்டு புரதம் மூளையில படியும். ஞாபகம் வைக்கிற இடம் முதல்ல அடிவாங்கும். உங்க மாமியாருக்கு அதுவா இருந்திருக்கலாம். அதுக்குப் பெரும்பாலும் ஜீன் வாய்ப்பைக் கூட்டும், அவ்வளவுதான். வந்தே தீரும்னு இல்ல. இவருக்கு வேற வகை. மூளையோட முன்பக்கம் சுருங்கியிருக்கு, அங்க வேற புரதம் சேர்ந்திருக்கு. எதைச் சொல்லலாம், எது அடுத்தவங்களுக்கு வலிக்கும்னு பாக்கற இடம் அது. ஞாபகம் ரொம்ப நாள் நிக்கும். இவருக்கு ஒரே ஜீன்ல இருக்கற கோளாறால வந்திருக்கு. இவரோட அப்பா எப்படி?"

அப்பாவா? விருந்தாளியை அறைந்து, கூடத்தில் துப்பி, பொறுக்கி என்று பேர் வாங்கிச் செத்தவர். அவர் பேச்சையே யாரும் எடுப்பதில்லை. மாமியார் பக்கம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக் காவல் காத்த குடும்பம், மாமனார் பக்கக் கதவைத் திறந்தே போட்டிருந்தது.

"அப்போ அன்னைக்கு இவர் என்கிட்ட சொன்னது...?"

"நோய்தாம்மா பேசியிருக்கு."

மகள் குறுக்கிட்டாள். "எனக்கு?"

"அந்த ஜீன் வந்திருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. வேணும்னா பரிசோதனை பண்ணிப் பாக்கலாம்."

"வேண்டாம்" என்று மகள் எழுந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தாள். "என்னை மன்னிச்சுடுங்க. தெரியாமப் போச்சு."

அவர் கையை உருவிக்கொண்டார். "சர்க்கரை எங்க?"

புருஷன் நல்லவன் என்பது நிரூபணமானது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

ஒரு மாலை மகள் வேலை முடிந்து களைத்து வந்தாள். அம்மா சாப்பிடச் சொல்லி இரண்டாம் முறை கூப்பிட்டதும் வெடித்தாள்: "நச்சு நச்சுன்னு உயிரை எடுக்காத! வாயை மூடு!"

முன்பானால் அம்மா கரண்டியோடு வந்திருப்பாள், தெருவே கேட்டிருக்கும். இப்போது மகள் முகத்தையே உற்றுப் பார்த்தாள். பிறகு மிகவும் மெதுவாக, "நேத்து ராத்திரி நல்லாத் தூங்கினியாம்மா?" என்றாள்.

மகளுக்கு முகம் வெளுத்தது. "அப்படிப் பாக்காதம்மா. கோபம், அவ்வளவுதான். வெறும் கோபம். திட்டேன் என்னை. முன்ன மாதிரி நல்லாத் திட்டும்மா."

அம்மா வாயைத் திறந்தாள். ஒரு வசவுகூட வரவில்லை. மூலையில் அவர் டப்பாவின் அடியைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.