பாலம் தாண்டிப் போன கன்னம்

பெரியவளே, சின்னவனே,

இந்த வாரப் பத்தியை உங்கள் இருவருக்கும்தான் எழுதுகிறேன். மற்றப் பிள்ளைகளும் கூடவே படிக்கட்டும். உங்கள் பெயரைப் போடவில்லை, கவனித்தீர்களா? "எழுதிக்கோங்கப்பா, ஆனா என் பேரப் போட்டா பேசமாட்டேன்" என்று பெரியவள் சொல்லிவிட்டாள். நம் வீட்டில் இப்போது சட்டம் கடுமையாகத்தான் இருக்கிறது.

நடந்தது உங்களுக்குத் தெரியும். தெரியாத பிள்ளைகளுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

அன்று பாசிர் கூடாங் தொழிற்சாலையில் வேலை முடிந்து, மாசாயில் நம் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறேன். உங்கள் அம்மா வெளியிலேயே நிற்கிறார்.

"பிள்ள டியூஷன்லேர்ந்து வந்துச்சு, ரூமுக்குள்ள போயி கதவச் சாத்திக்கிச்சு. சோறும் வேணாங்குது. என்னான்னு கேளுங்க."

கேட்டேன். கதவு கொஞ்சம் திறந்தது. ஆள் வரவில்லை... போன் மட்டும் வெளியே வந்தது.

போனில் ஒரு விளம்பரம். முகப் பருவுக்கு ஏதோ சிகிச்சை. இரண்டு படங்கள் பக்கத்துப் பக்கத்தில். வலது பக்கம் பளபளவென்று யாரோ ஒரு பிள்ளை – 'சிகிச்சைக்குப் பின்'. இடது பக்கம் பருவோடு ஒரு கன்னம், பாதி மூக்கு, ஒரு கண் – 'சிகிச்சைக்கு முன்'. அந்தக் கண்ணைப் பிறந்த அன்றிலிருந்து பார்க்கிறவன் நான். எனக்கா தெரியாது?

டியூஷனில் யாரோ அதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். "நீ இன்னும் பிஃபோர்தானா? ஆஃப்டர் எப்ப லா வரும்?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்கள்.

அடுத்த வாரம் தமிழ்ப் பேச்சுப் போட்டி. பள்ளியில் இரண்டாம் படிவ வகுப்பிலிருந்து அவள்தான் போகிறாள். கண்ணாடி முன்னால் நின்று கையை ஆட்டி ஆட்டிப் பேசிப் பழகியவள். இப்போது கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வருகிறது.

"நான் போகல. மேடையில ஏறுனா என் பேச்ச யார் கேப்பா? கன்னத்ததான் பார்ப்பாங்க."

அந்தப் படம் எங்கே எடுத்தது என்று எனக்குத் தெரியும். ஜோகூர் பாருவில் ஒரு தோல் கிளினிக். பருவுக்கு மருந்து வாங்க நான்தான் கூட்டிப் போனேன். கவுண்டரில் என் அடையாள அட்டையின், அதாவது ஐசியின், நகல் கேட்டார்கள். நம் ஊரில் ஐசி நகலை யாராவது சும்மா கொடுப்போமா? குறுக்கே இரண்டு கோடு போட்டு, கோட்டுக்கு நடுவில் 'இந்தக் கிளினிக்குக்கு மட்டும்' என்று மலாயில் எழுதி, தேதியும் போட்டேன். இனி எவனும் இதை வைத்துக் கடன் வாங்க முடியாது என்று ஒரு பெருமை வேறு.

நான் வெளியே கோடு போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், உள்ளே நர்ஸ் பெரியவளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். டாக்டர் பார்ப்பதற்காம்.

முகத்துக்குக் குறுக்கே எப்படிக் கோடு போடுவது? அதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

கிளினிக்குக்குப் போனேன். கவுண்டரில் இருந்த தமிழ்ப் பெண் பாவமாகப் பார்த்தாள்.

"அங்கிள், வெப்சைட் நாங்க பாக்கறது இல்ல. சிங்கப்பூர் மெயின் ஆபீஸ்தான் பாக்கறாங்க."

"அப்ப படம் அங்க எப்படிப் போச்சும்மா?"

"எல்லாப் படமும் அங்க போயிரும் அங்கிள். அது ஆட்டோமேட்டிக்."

சிங்கப்பூருக்கு போன் போட்டேன். ரொம்ப மரியாதையான குரல். விளம்பர வேலையை இன்னொரு நாட்டுக் கம்பெனிக்குக் கொடுத்திருக்கிறார்களாம்; படத்தைப் பொறுக்கிப் போட்டது அவர்களாம். அந்தக் கம்பெனிக்கு ஈமெயில் அனுப்பினேன். உடனே பதில் வந்தது – 'உங்கள் கருத்துக்கு நன்றி'. கம்ப்யூட்டரே அனுப்பிய பதில்.

பிள்ளைகளே, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போக எனக்குப் பாஸ்போர்ட் வேண்டும். இந்தப் பக்கம் ஒரு வரிசை, அந்தப் பக்கம் ஒரு வரிசை. மழை வந்தால் மோட்டார் லேனில் நனைந்துகொண்டே நிற்க வேண்டும். என் மகளின் கன்னம் மட்டும் எந்த வரிசையிலும் நிற்காமல் பாலத்தைத் தாண்டி, அங்கிருந்து இன்னொரு நாட்டுக்கும் போய்விட்டது. மூன்று நாட்டு ஆட்கள் எவ்வளவு ஒற்றுமையாக வேலை பார்த்திருக்கிறார்கள்... மாநாடு இல்லை, கைகுலுக்கல் இல்லை, சண்டை சச்சரவும் இல்லை.

சரி, இதைக் கேட்க ஆள் இல்லையா? இருக்கிறார்கள். நம் பெயர், ஐசி எண், முகம் – இதையெல்லாம் யார் வைத்துக்கொள்ளலாம், எதற்கு வைத்துக்கொள்ளலாம் என்று பார்க்க நம் நாட்டில் ஓர் அலுவலகம் உண்டு. சிங்கப்பூரிலும் உண்டு. அந்த மூன்றாவது நாட்டிலும் உண்டு. ஐந்தாம் படிவத்தோடு நின்றுவிட்ட எனக்கு இது இப்போதுதான் தெரிந்தது. இவர்கள் அவ்வப்போது ஏதாவது ஒரு நாட்டில் ஒன்றுகூடிப் பேசுவார்களாம். கூட்டம் முடிந்து எல்லோரும் வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட படத்தை இணையத்தில் பார்த்தேன். அதற்கு ஒவ்வொருவரிடமும் அனுமதி வாங்கியிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

நம் அலுவலகத்தில் ஓர் அம்மையார் பேசினார். நல்ல பொறுமைசாலி. மலாயில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்; 'என்சிக்' என்றால் ஐயா, 'புவான்' என்றால் அம்மா.

"என்சிக், அந்த மூணாவது நாட்டுகிட்ட நாங்க நேரா பேச முடியாது. சிங்கப்பூர் ஆபீசுக்கு எழுதறோம். அவங்களுக்கு அங்க தொடர்பு இருக்கு. அவங்க எழுதுவாங்க."

"எவ்ளோ நாள் ஆகும் புவான்?"

"முயற்சி பண்றோம் என்சிக்."

பிறகு அவர் கேட்டதையெல்லாம் இணையத்தில் புகார்ப் படிவத்தில் ஏற்றினேன். என் ஐசி, மகளின் பிறப்புச் சான்றிதழ், விளம்பரத்தின் படம், ஒத்துப் பார்ப்பதற்கு மகளின் முழு முகப் படம் ஒன்று. சிங்கப்பூருக்கு ஒரு பிரதி போகும், மூன்றாவது நாட்டுக்கு ஒரு பிரதி போகும்.

உங்கள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அவங்க பாதி மூஞ்சிதான் போட்டாங்க. நீங்க முழுசா அனுப்பறீங்க."

அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது. 'இந்த விவரங்களை வெளிநாட்டு அலுவலகங்களுடன் பகிர்ந்துகொள்ளச் சம்மதமா?' அப்பன் என்ற முறையில் நானே சம்மதம் என்று தட்டிவிடலாம். விரலையும் கொண்டுபோய்விட்டேன். அப்புறம் எழுந்து போய்ப் பெரியவளின் கதவைத் தட்டினேன். கேள்வியைப் படித்துக் காட்டினேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

"இதுவரைக்கும் யாருமே என்கிட்ட கேக்கலல்ல?"

"இல்லம்மா."

"சரி. குடுத்துருங்க."

அந்த ஒரு கேள்வியைக் கேட்பதற்குத்தான் இத்தனை நாட்டில் இத்தனை அலுவலகம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கேலி செய்துகொண்டிருந்த எனக்கே கொஞ்சம் மரியாதை வந்துவிட்டது.

போட்டி நாள் வந்தது. படம் இன்னும் இணையத்தில்தான் இருந்தது. அலுவலகங்கள் ஒன்றுக்கொன்று மரியாதையாக எழுதிக்கொண்டிருந்தன. 'சரி, மாஸ்க் போட்டுக்கிட்டுப் போறேன்' என்று பெரியவள் கிளம்பினாள். மேடை ஏறினாள். இரண்டு வரி பேசியதும் நடுவர் கையைத் தூக்கினார்.

"கேக்கல பாப்பா. மாஸ்க்க எடுத்துட்டுப் பேசுங்க."

அவள் மாஸ்க்கை எடுத்தாள். பேசினாள்.

பரிசு இல்லை. வீட்டுக்கு வரும் வழியில் மெதுவாகக் கேட்டேன்.

"யாராச்சும் சிரிச்சாங்களாம்மா?"

"தெரியலப்பா. ரெண்டாவது பாயிண்ட்டு மறந்துபோச்சு. அந்த டென்ஷன்ல யாரையும் பாக்கல."

அன்று இரவு சோறு இரண்டு முறை போட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் அலுவலகத்து அம்மையாரே கூப்பிட்டார்.

"என்சிக், எடுத்துட்டாங்க. போய்ப் பாருங்க."

நீங்கள் இருவரும் போனில் பார்த்தீர்கள். பெரியவளின் கன்னம் அங்கே இல்லை. 'முடிஞ்சது' என்று போனைத் தூக்கிப் போட்டுவிட்டு, சின்னவனோடு பேட்மிண்டன் விளையாடப் போய்விட்டாள்.

இனி எழுதுவது உங்களுக்குத் தெரியாதது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், தொழிற்சாலைக் கேன்டீனில் தனியாக உட்கார்ந்து அந்த விளம்பரப் பக்கத்தை மறுபடி திறந்தேன். நன்றாகப் பார்த்தேன். வலது பக்கம் அதே பளபளப் பிள்ளை. இடது பக்கத்தைக் காலியாக விடுவார்களா? வேறொரு பிள்ளையின் கன்னம் இருந்தது. எந்த நாட்டுப் பிள்ளையோ... முகவாயில் பரு, காதில் சின்னத் தோடு. அந்தப் பிள்ளையின் வீட்டில் யாருக்காவது தெரியுமோ, என்னவோ.

சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு, அந்த அலுவலகத்துக்கே இன்னொரு புகார் எழுதினேன். படத்தில் இருப்பவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டிருந்தது. அதை நிரப்பாமல் அனுப்ப முடியவில்லை.

'உறவு இல்லை. ஆனால் பார்த்துவிட்டேன்' என்று எழுதி அனுப்பினேன்.