கடல் பூவை இரண்டாக அறுக்கிற வேலை

உப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிற வீட்டில் காய்ந்த துண்டு என்று ஒன்று இருக்கவே இருக்காது. எல்லாம் தொட்டியடியில் ஈரமாகத்தான் கிடக்கும். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்றால் வாருங்கள், நாம் ஒரே கட்சி.

பகலில் எனக்குக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. மீதி நேரத்தில் கவரைப்பேட்டையில், வாடகை வீட்டின் முன்னறையில், கடல் அனிமோன் வளர்த்துப் பெருக்கி விற்கிற வேலை. அனிமோன் பார்ப்பதற்குப் பூ மாதிரி இருக்கும். விரல் விரலாக நீண்டு, நுனியில் குமிழ் கட்டி, தண்ணீரில் ஆடிக்கொண்டே இருக்கும். ஆனால் பிராணி. கோமாளி மீன்கள் அதற்குள்தான் குடித்தனம் நடத்தும்; என் தொட்டியிலும் இரண்டு உண்டு. கொளத்தூரில் ஒரு கடையில் முதன்முதலாக அதைப் பார்த்தபோது, "இதெல்லாம் வீட்டுல வளராதும்மா" என்றார் கடைக்காரர். அவர் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் பாட்டுக்கு இரண்டு தங்கமீன் வாங்கிக்கொண்டு திரும்பியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை

எங்கள் வீட்டுக்காரம்மா ராஜேஸ்வரி மாடியில் இருக்கிறார். தொட்டியின் கனத்தில் தரை டைல்ஸ் விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்க்க அடிக்கடி கீழே வருவார். வந்தால் டைல்ஸை மறந்துவிட்டு அனிமோனையே பார்த்துக்கொண்டு நிற்பார். கடல் தாமரை ஒன்று நம் வீட்டில் பூத்திருக்கிறது என்று தெரு முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தார்.

ஒருநாள் அவர் வந்த நேரத்தில் நான் இடுக்கியில் இறால் துண்டு ஒன்றைப் பிடித்து அதற்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். விரல்கள் எல்லாம் சேர்ந்து இறாலை மூடின. நடுவில் வாய் திறந்தது. இறால் உள்ளே போய்விட்டது. அந்தம்மா இரண்டடி பின்னால் போனார். வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். மறுபடி கிட்டே வந்து குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "கவிச்சி துன்ற பூவ இப்பத்தாம்மா பாக்கறேன். எது வேணா போடு, வெள்ளிக்கெழம மட்டும் வாணாம்."

காணாமல் போனது

அனிமோனை நாம் வைத்த இடத்தில் அது இருக்காது என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு அப்போது தெரியாது. எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி முன்பக்கப் பாறையில் அதை உட்கார வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்தால் பாறை மட்டும்தான் இருக்கிறது. செத்துக் கரைந்துவிட்டது என்றே முடிவு செய்து, தொட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

என் கணவர் தனசேகர் உருக்காலை ஷிஃப்ட் முடிந்து வந்தவர், சட்டையைக்கூட மாற்றாமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு தொட்டியின் பின்பக்கச் சந்தில் தலையை விட்டார். அது ஒரே அடிப்பாதத்தால் நகர்ந்து நகர்ந்து பின் கண்ணாடிக்குப் போய், யாரும் பார்க்க முடியாத மூலையில் ஜோராக விரிந்திருந்தது. தலையில் ஒட்டடையோடு வெளியே வந்தவர் சொன்னார்: "ஒனுக்கு ஏத்ததுதான் கெடச்சிகீது செல்வி. நீயும் சொன்ன எடத்துல நிக்க மாட்ட."

முதல் வெட்டு

அனிமோன் தானாகவும் பிளந்து இரண்டாகும். அதற்கு மனசு வரவேண்டும். என்னுடையதற்கு வரவில்லை. நாமே அறுத்தும் இரண்டாக்கலாம்; புது பிளேடால், வாய்க்கு நடுவே, தயங்காமல் ஒரே இழுப்பு. இரண்டு பாதியிலும் வாயில் ஒரு பங்கு இருந்தால்தான் பிழைக்கும். இதையெல்லாம் படித்துவிட்டேன். படித்துவிட்டு நாலு ஞாயிற்றுக்கிழமை பிளேடைப் பிரித்துப் பிரித்து மூடி வைத்தேன். இருப்பதே ஒன்று. தப்பாகப் போனால் எல்லாமே போச்சு.

அடுத்த ஞாயிறு, கம்பெனியில் என்னோடு வேலை பார்க்கிற மேரியைத் துணைக்குக் கூப்பிட்டேன். அவள் தட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கும் மூடிக்கொள்ள ஆசைதான். அறுத்தேன். கொழகொழவென்று இரண்டு துண்டும் சுருண்டுகொண்டன. பார்க்கவே பாவமாக இருந்தது. துளை போட்ட டப்பாவில் போட்டுத் தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டேன். வேலைக்குப் போனாலும் மனசு டப்பாவிலேயே இருந்தது. காயம் மெல்ல மூடி, இரண்டும் தனித்தனியாகக் காலூன்றி, தனித்தனியாக இறால் தின்ன ஆரம்பித்த அன்று மேரியை இழுத்துக்கொண்டு வந்து காட்டினேன். அவள் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கம்பெனில ஒரு பீஸு ஒடஞ்சா ரிஜெக்ட்டுன்னு தூக்கிப் போடறோம். உங்க ஊட்ல ஒடஞ்சா ரெண்டு பீஸா ஆவுதாக்கா?"

பொதட்டூர்பேட்டைக்காரர்

விற்க ஆரம்பித்த பிறகு பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒருவர் பைக்கில் வந்தார். ஜவுளிக்கடை வைத்திருக்கிறாராம். வந்ததும் பையை நீட்டினார். தொட்டி வைத்து எத்தனை மாதம் ஆகிறது, உப்பு அளக்கக் கருவி இருக்கிறதா, கரண்ட் போனால் என்ன செய்வீர்கள், மே மாதச் சூட்டுக்குத் தண்ணீரை எப்படிக் குளிர வைப்பீர்கள் என்று நான் கேட்டுக்கொண்டே போனேன். தொட்டி போன வாரம்தான் வைத்தாராம். கடல் தொட்டிக்கென்று தனி உப்பு உண்டு; அவர் போட்டது சமையல் உப்பாம்.

தர முடியாது என்றேன். இவ்வளவு தூரம் வந்திருக்கிறேனே என்றார். காபி தருகிறேன், அனிமோன் தர மாட்டேன், தொட்டி பழகி நிலைக்கட்டும், அப்புறம் வாருங்கள் என்றேன். அவருக்குக் கோபம். காபியைக் குடித்து முடித்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்: "எனுக்குப் பொண்ணு குடுத்தவங்க கூட இம்மாம் கேள்வி கேக்கல மேடம்."

வெள்ளைத் தண்ணீர்

அந்த மழைக்காலத்தில் ஒருநாள் காலையிலேயே கரண்ட் போனது. இன்வெர்ட்டரை நம்பி வேலைக்குப் போய்விட்டேன். பேட்டரி கொஞ்ச நேரத்தில் தீர்ந்திருக்கிறது. தண்ணீர் ஓட்டம் நின்றதும் அனிமோன்கள் இடம் தேடிக் கிளம்பியிருக்கின்றன. ஒன்று நேராக, தொட்டித் தண்ணீரைச் சுழற்றுகிற அலை மோட்டாரின் வாயில் போய் உட்கார்ந்திருக்கிறது. மத்தியானம் கரண்ட் வந்தது. மோட்டார் சுற்றியது. அதற்கு மேல் நான் சொல்ல வேண்டுமா? ஒன்று அரைபட்டால் அதன் நஞ்சு மொத்தத் தண்ணீரையும் கெடுத்துவிடும்.

சாயங்காலம் கதவைத் திறந்ததுமே நாற்றம். தண்ணீர் அரிசி கழுவினது மாதிரி வெளுத்திருந்தது. தாயும் போச்சு, நான் அறுத்து வளர்த்த குட்டிகளும் போச்சு. ஒவ்வொன்றாக வலையில் அள்ளும்போது கையிலேயே கரைந்தது. நான் வாசல்படியில் உட்கார்ந்து அழுதேன். தனசேகர் வந்து பார்த்தார். மூலையில் கலந்து வைத்திருந்த உப்புத் தண்ணீர் டிரம்மை உருட்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நிறுத்தினார். "அழுவறதுன்னா பொறவு அழுவு. மீனு ரெண்டும் இன்னும் உசுரோட கீது, டிரம்ம ஒரு கை புடி."

திருப்பாச்சூர்

மீன்கள் பிழைத்தன. தொட்டியைக் கழுவி, தண்ணீர் மாற்றி, தெளிந்து நிலைக்கிற வரைக்கும் காத்திருந்தேன். அலை மோட்டாருக்குத் தனசேகர் வலைக்கூண்டு செய்து மாட்டினார். கூடுதலாக ஒரு பேட்டரியும் வந்தது. போதும் விட்டுவிடு என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் விட்டிருக்க மாட்டேன். ஆனால் வேறு கடையில் வேறு அனிமோன் வாங்க எனக்கு மனசில்லை. என் கையால் பெருக்கிய அதே வம்சம்தான் வேண்டும்.

என்னிடம் வாங்கியவர்களுக்கெல்லாம் போன் போட்டேன். பலரிடம் செத்துப்போயிருந்தது, ஒருவர் போனையே எடுக்கவில்லை. திருப்பாச்சூரில் கலைவாணி என்று ஒரு நர்ஸ். அவர் தொட்டியில் மட்டும் அது சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பெரிதாக வளர்ந்திருந்தது. பாதி கேட்டு நேரிலேயே போய் நின்றேன். அவர் தொட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு இருப்பதே அந்த ஒன்றுதான். நான் தப்பாக அறுத்தால் இரண்டு வீட்டிலும் ஒன்றும் இருக்காது. கடைசியில் ஃபிரிட்ஜிலிருந்து ஐஸ் கட்டி எடுத்துவந்து கொடுத்தார். அதன் காலடியில் குளிர் பட்டால் பாறையை விட்டுவிடும் என்று அவருக்கும் தெரிந்திருந்தது. நான் பிளேடைப் பிரித்ததும் அவர் சமையல்கட்டுக்குப் போய்விட்டார். அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "ஆஸ்பத்திரில தெனம் எத்தினி பேருக்குத் தையல் போடறேன், இத என்னால பாக்க முடியல சிஸ்டர், சீக்கிரம் அறுத்துடுங்க."

லேடீஸ் பெட்டி

தெர்மாக்கோல் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திருவள்ளூரில் ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டி பிடித்தேன். நிற்க இடமில்லை. கொருக்குப்பேட்டையில் மீன்கூடையோடு ஒரு பெண் ஏறி என்னோடு ஒட்டி நின்றார். ஒவ்வொரு குலுக்கலிலும் அவர் கூடை என் பெட்டியில் இடித்தது. பெட்டிக்குள் இருப்பது ஆறாத வெட்டுக்காயம். "யக்கா, கொஞ்சம் பாத்து, உள்ள உசுரு கீது" என்றேன். இன்னா உசுரு என்று மூடியைத் தூக்கிப் பார்த்தார். சுருண்டு கிடந்த அந்தத் துண்டைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை. கூடையைத் தூக்கிக் கதவோரம் வைத்தார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த காலேஜ் பெண்ணை எழுப்பி எனக்கு இடம் வாங்கித் தந்தார். "என்னுது செத்ததும்மா, அது எங்க வேணா நிக்கும். நீ குந்து."

தனசேகரின் போன்

அந்தப் பாதி பிழைத்தது. பாறையில் காலூன்றியது. மீன்கள் இரண்டும் முதலில் சந்தேகப்பட்டு, பிறகு குடியேறின. இனி இதற்கு பிளேடே காட்டுவதில்லை, தானாக மனசு வரும்போது வரட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு பெரிய தண்ணீர் மாற்றத்துக்கு மறுநாள், நான் கம்பெனி லைனில் நின்று மூடிகளைச் சோதித்துக்கொண்டிருந்தபோது தனசேகரிடமிருந்து போன். வேலை நேரத்தில் அவர் கூப்பிடவே மாட்டார். சூப்பர்வைசர் முறைக்கிறார். பயந்துகொண்டேதான் எடுத்தேன். மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "செல்வி, அது நடுவுல பொளந்துக்கினு ரெண்டா நிக்குது, நான் தொடவேயில்ல, சத்தியமா நான் ஒண்ணும் பண்ல!"

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிற யாரையும் நான் தடுப்பதில்லை. தடுத்தால் கேட்கிற புத்தி இருப்பவர்கள் இந்தப் பக்கம் வரவே மாட்டார்கள்.