கொடிக் கயிறும் சோலார் தகடும்

உப்புவெளியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சோலார் பூட்டிய நாளிலிருந்து எனக்குத் தலைகால் தெரியவில்லை. இப்போது எவ்வளவு கரண்ட் வருகிறது என்று, வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கைபேசியில் காட்டினேன். தேநீர் குடிக்க வந்த மைத்துனர் பாதிக் கோப்பையோடு எழும்பிப் போனார். மாவரைப்பது, தண்ணீர் மோட்டர் போடுவது, அயன் பண்ணுவது எல்லாம் இனி உச்சி வெயிலில்தான் என்று சட்டமும் போட்டேன். இரவில் நாடகம் பார்த்தபடி அயன் பண்ணிப் பழகிய மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு மாறினாள்.

மாடி முழுவதும் தகடு பரவியதில் அவளுடைய உடுப்புக் கொடிக்கு இடமில்லாமல் போனது. முற்றத்தில் கட்டலாமென்றால் மாமரமும் காகமும். அதற்கென்ன, நமக்குத்தான் கரண்ட் கொட்டுகிறதே என்று உடுப்புக் காயவைக்கும் மெஷின் ஒன்றை வாங்கி வந்தேன்.

அவளுக்குப் போனது கொடி மட்டுமில்லை. பின்னேரம் உடுப்பு எடுக்கிற சாட்டில் மேலே போய், பக்கத்து வீட்டு மாடியில் நிற்கும் அக்காவோடு ஆசைதீரக் கதைத்து, கடலையும் பார்த்துவிட்டு வருவாள். ஒரு நாளில் அவளுக்கென்று இருந்த நேரம் அதுதான். இப்போது குசினிக் கதிரையில் இருந்து மெஷின் சுற்றுவதைப் பார்த்தாள். முகத்தைத் தூக்கி வைத்திருந்தது எனக்கு எரிச்சலாக இருந்தது. வசதி செய்து கொடுத்தாலும் குறையா என்று கேட்டுவிட்டேன்.

அவள் மெஷினைப் பார்த்தபடியே சொன்னாள்:

"வெயிலில சும்மா காஞ்ச உடுப்பு. இப்ப அந்த வெயிலிலயே கரண்ட் எடுத்துக் காய வைக்கிறம். இதுக்கு என்னை ஏன் மாடியால இறக்கினீங்கள்?"

பதில் தேடிக் கைபேசியைப் பார்த்தேன். தகடுகள் தருவதில் பெரும்பங்கை மெஷின் விழுங்கிக்கொண்டிருந்தது.

பூட்டியவர்களையே திரும்பக் கூப்பிட்டு, ஆள் நிமிர்ந்து நடக்கிற உயரத்துக்குத் தகடுகளை இரும்புக் கால்களில் தூக்கச் சொன்னேன். வேலை முடிந்த பிறகுதான் உறைத்தது, கீழே முழுக்க நிழல். உடுப்பு எப்படிக் காயும் என்று நான் தலையைச் சொறிய, அவள் கொடியை இழுத்துக் கட்டியபடி சொன்னாள்:

"வெயிலை நீங்கள் வச்சிருங்கோ. எனக்குக் கச்சான் காத்தே காணும்."

மேற்கிலிருந்து வரும் அந்த வறண்ட காற்றுக்கு நிழலும் ஒன்று, வெயிலும் ஒன்று. மத்தியானத்துக்குள் உடுப்பெல்லாம் காய்ந்துவிடுகிறது. ஆனாலும் அவள் பின்னேரம்தான் எடுக்க மேலே போகிறாள். நான் கீழேயிருந்து கூப்பிடுவதில்லை.